பத்ருன்னிசா கையை எடுக்கவில்லை

திருமலைராயன்பட்டினத்துக் கொத்தனார்களுக்குப் பத்ருன்னிசா என்றால் கொஞ்சம் பயம். மாடி கட்டியபோது கலவையில் மணல் கூடிவிட்டது என்று சொல்லி, பூசிய சுவரை ஈரம் காய்வதற்குள் சுரண்ட வைத்தவர் அவர். மின்துறை அலுவலகத்தில் மீட்டருக்காக நின்றதும், மகள் ஷஃபீனாவைக் காரைக்காலில் கல்லூரியில் சேர்த்ததும், அவளுக்கு மாப்பிள்ளை தேடியதும், படுத்த படுக்கையாகிவிட்ட உம்மாவுக்குக் கடைசிவரை செய்ததும் அவர் ஒருவர்தான். கணவர் சேக் பரீது சவூதியில், தம்மாமில் ஒரு மளிகைக் கிடங்கில் வேலை பார்த்தார். கல்யாணமான இரண்டாவது மாதமே விமானம் ஏறியவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். விருந்தும் உறவுக்காரர் வீடுகளுமாக அந்த நாட்கள் கரைந்துவிடும். பெட்டியைக் கட்டும்போதுதான் இருவரும் நேருக்கு நேர் நின்று பேசியிருப்பார்கள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அதனால் சேக் பரீது அந்த வீட்டில் எப்போதும் மாப்பிள்ளையாகவே இருந்தார். எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்பதற்கு முன் ஒருமுறை தொண்டையைச் செருமுவார்.

ஆனால் தொலைபேசியில் இருவரும் நன்றாகப் பேசுவார்கள். கிடங்கில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பியதும் அவர் கூப்பிடுவார். இவர் கொத்தனாரைத் திட்டிய கதையைச் சொல்வார். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புச் சத்தத்தை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுவிடும் அளவுக்குப் பத்ருன்னிசாவுக்குப் பழக்கம். அவருடைய கால் விரல்கள் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது.

வயதாகி, கிடங்கை வேறு ஆட்கள் வாங்கிக்கொண்ட பிறகு சேக் பரீது ஊருக்கே வந்துவிட்டார். அதற்குள் ஷஃபீனா கணவனோடு ஷார்ஜா போயிருந்தாள். பெரிய வீட்டில் இரண்டு பேர்தான். முதல் சில வாரங்கள் இருவருக்கும் சங்கடமாகவே கழிந்தன. சாப்பாடு வைத்தால் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். ஒருநாள் மத்தியானம் அடுப்படியில் இருந்த பத்ருன்னிசாவின் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்தால் முன் அறையில் உட்கார்ந்திருக்கும் கணவர்.

"என்னங்க, வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே போன் பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல பத்ரு. சும்மா பேசலாமேன்னு."

அன்றைக்கு இருவரும் ஆளுக்கொரு அறையில் இருந்தபடி வெகுநேரம் பேசினார்கள்.

அவருக்குக் காலில் ஏதோ கோளாறு என்று பத்ருன்னிசாவிடம் சொன்னது பக்கத்து வீட்டு சஃபியுல்லாதான். பழைய ஆம்னி வண்டி ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறவர்; இவர்களை அக்கா, அண்ணன் முறையில் லாத்தா, நானா என்று கூப்பிடுவார். "லாத்தா, நானா பள்ளிவாசலுக்குப் போற வழியில ரெண்டு மூணு இடத்துல நின்னு நின்னு போறாங்க. கேட்டா கடையப் பாக்குறேங்குறாங்க. பூட்டிக் கிடக்குற கடையில என்னத்தப் பாக்குறாங்க?" என்று கேட்டார்.

பத்ருன்னிசா அன்றே கணவர் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இடது கால் சில்லென்று இருந்தது. சுண்டுவிரல் நுனி கறுத்திருந்தது. வருடக்கணக்கில் சர்க்கரை, நாள் தவறாமல் சிகரெட். காரைக்காலில் பார்த்த மருத்துவர், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்று சொல்லித் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அங்கே ஜெயபிரகாஷ் என்ற மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். காலை அறுக்க வேண்டாம். வலது தொடை இடுக்கில் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் ஊசியைக் குத்தி, அதன் வழியே மெல்லிய குழாயை மேலே ஏற்றி, மறுபக்கம் இடது காலுக்குள் இறக்கி, அடைப்பைப் பலூனால் விரித்துவிடலாம். மயக்கமருந்துகூட வேண்டியதில்லை.

"தொடை இடுக்குலயா?" என்று சேக் பரீது கேட்டார். அவருக்குக் கவலை அந்த இடத்தைப் பற்றித்தான்.

சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. இடது கால் அன்றைக்கே சூடேறியது. சுகிர்தா என்ற செவிலியர் குழாயை உருவிவிட்டு, தொடை இடுக்கைக் கையால் அமுக்கியபடி வெகுநேரம் நின்றார். பிறகு கட்டுப் போட்டு, காலை மடக்காமல் படுத்திருக்கச் சொன்னார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது கவனமாக இருக்க வேண்டியதைச் சொல்ல வந்தார். கட்டைப் பிரித்துக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

"அம்மா, நீங்களும் பாத்துக்குங்க" என்றார் சுகிர்தா.

"அவங்க வெளியில இருக்கட்டும். என்கிட்ட சொன்னாப் போதும்" என்றார் சேக் பரீது.

பத்ருன்னிசா திரைக்கு வெளியே போய் நின்றார். உள்ளே சுகிர்தா சொன்னது இதுதான்: கொஞ்ச நாளைக்குக் குத்தவைத்து உட்காரக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. இருமல் வந்தால் அந்த இடத்தைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். வீக்கம் வந்தாலோ, கட்டிபோல எழும்பித் துடித்தாலோ உடனே வர வேண்டும். ரத்தம் வந்தால் மல்லாக்கப் படுத்து, யாரையாவது அமுக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். கிளம்பும்போது பத்ருன்னிசாவின் கைப்பேசியில் தன் எண்ணைப் பதிந்து கொடுத்தார். வண்டியில் வரும்போது பத்ருன்னிசா கேட்டார். "என்ன சொன்னாங்க அந்தப் பொண்ணு?"

"மாத்திரைய ஒழுங்கா சாப்பிடணுமாம்."

ஒரு வாரம் வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு மட்டும் போய் வருகிறேன் என்று கிளம்பினார். பள்ளிவாசலில் நாற்காலிகள் இருந்தன. ஆனால் தம்மாமிலிருந்து வந்தும் வராததுமாகக் கிழவர்கள் வரிசையில் போய் உட்கார அவருக்கு மனமில்லை. எல்லோரையும்போலக் குனிந்து, மண்டியிட்டு, நெற்றி தரையில் பட ஸஜ்தா செய்தார். எழுந்திருக்கும்போது தொடை இடுக்கில் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தபோது எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ இருந்தது. அது துடித்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏங்க நொண்டுறீங்க?" என்று பத்ருன்னிசா கேட்டபோது, "உக்காந்தே இருந்ததுல மரத்துப் போச்சு" என்றார். அடுத்த நாள் சோறு பாதியில் இருக்க எழுந்துபோனார். கைலியை வழக்கத்தைவிடத் தளர்த்திக் கட்டியிருந்தார். இவையெல்லாம் பத்ருன்னிசாவின் கண்ணில் படாமல் இல்லை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரிடம் எத்தனை முறைதான் கேட்பது? சஃபியுல்லாவை விட்டுக் கேட்கச் சொல்லலாம் என்று நினைத்திருந்தார்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. காலையில் கொல்லைப்புறத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது குளியலறையில் வாளி உருளும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். நல்லவேளை, தாழ் போடவில்லை. சேக் பரீது சுவரில் சாய்ந்து தரையில் கிடந்தார். கைலி முழுக்க ரத்தம். தண்ணீரோடு சேர்ந்து அது சாக்கடைக்குழியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் இரண்டு கையாலும் கைலியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"வெளியில போ பத்ரு... யாராச்சும் ஆளக் கூப்பிடு."

"நான் ஆளாத் தெரியலியா?"

அவர் கைகளை விலக்கித் தள்ளினார் பத்ருன்னிசா. "சஃபியுல்லா!" என்று அவர் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கிடைத்த துண்டைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து அமுக்கினார். துண்டு நனைந்தது. அதன் மேல் இன்னொன்றை வைத்தார். அதுவும் நனைந்தது. சஃபியுல்லா உள்ளே ஓடிவந்ததும், "என் போன எடு. தஞ்சாவூர் நர்சு நம்பர் இருக்கு, போடு" என்றார். ஸ்பீக்கரில் சுகிர்தாவின் குரல் வந்தது. சொன்னதைக் கேட்டதும் அந்தப் பெண் பதறவில்லை.

"அம்மா, அவர மல்லாக்கப் படுக்க வைங்க. கால நீட்டுங்க. துணிய எடுத்துடுங்க. துணி ரத்தத்தக் குடிக்கும், நிறுத்தாது. வெறும் கையால அமுக்கணும்."

"எங்க அமுக்குறது? ஓட்டையிலதான அமுக்குறேன்!"

"ஓட்டையில இல்லம்மா. அதுக்கு மேல. தொடை மடிப்பு இருக்குல்ல, அங்க விரல வச்சுத் தேடுங்க. துடிக்குதா?"

பத்ருன்னிசா தேடினார். வழுக்கியது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தேடினார். ஆழத்தில் ஏதோ ஒன்று விரலை மெல்லத் தட்டியது.

"துடிக்குது."

"அதேதான். அங்க அடியில எலும்பு இருக்கு. குழாய எலும்போட சேத்து நசுக்குற மாதிரி அமுக்குங்க. முழங்கைய மடக்காதீங்க, உங்க வெயிட்டெல்லாம் எறங்கட்டும். ரத்தம் நிக்குதா பாருங்க."

நின்றது. முழுவதும் இல்லை. ஊற்றியது கசிவாகக் குறைந்தது.

"கைய எடுக்காதீங்க. பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்க போங்க. அங்க டாக்டர் வந்து கை வைக்கிறவரைக்கும் எடுக்காதீங்க."

சஃபியுல்லாவும் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து அவரைப் பலகைபோலத் தூக்கினார்கள். பத்ருன்னிசா அமுக்கிய கையோடு பக்கவாட்டில் நடந்தார். ஆம்னியின் பின்சீட்டை மடக்கி அவரைக் கிடத்தினார்கள். பத்ருன்னிசா அவர் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தினார். மீன் செதில் இன்னும் முழங்கையில் ஒட்டியிருந்தது. தலையில் முக்காடு இல்லை. அதைப் பற்றி அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

வண்டி காரைக்கால் சாலையில் பறந்தது. வேகத்தடைகளில் தூக்கிப்போடும்போதெல்லாம் கை நழுவியது. மறுபடி அந்தத் துடிப்பைத் தேடிப் பிடித்தார். சேக் பரீதுவின் உதடுகள் வெளுத்திருந்தன. வேர்த்துக் கொட்டியது.

"பத்ரு."

"பேசாதீங்க."

"மூணு நாளா வீங்கி இருந்துச்சு."

அவர் தலை நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். "ஏன் சொல்லல?"

"கூச்சமா இருந்துச்சு."

"எங்கிட்டயா?"

"உங்கிட்டதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "காலமெல்லாம் வெளியில இருந்துட்டு வந்து, உன் வீட்டுல படுத்துக்கிட்டு, இங்கப் பாரு அங்கப் பாருன்னு எந்த முகத்தோட சொல்றது?"

பத்ருன்னிசாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைக்கக் கை இல்லை. "என் வீடு என்ன, உங்க வீடு என்ன. நீங்க அனுப்பித்தான ஒவ்வொரு செங்கல்லும் வச்சேன். பேசாம இருங்க. உசுரோட இருங்க, போதும்" என்றார். அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது அவர் கண்கள் மூடத் தொடங்கின. "ஏங்க! என்னப் பாருங்க! கொத்தனாரத் திட்டுன கதையச் சொல்லட்டுமா?" என்று கத்தினார். ஓட்டிக்கொண்டிருந்த சஃபியுல்லா வாய்விட்டு அழுதுவிட்டார்.

காரைக்கால் அரசு மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் ஓடிவந்து, பத்ருன்னிசாவின் விரல்களுக்குப் பக்கத்தில் தன் விரல்களை வைத்து அழுத்திவிட்டு, "இப்ப எடுங்கம்மா" என்றார். எடுக்க வரவில்லை. விரல்கள் மடங்கியபடியே விறைத்திருந்தன. செவிலியர் ஒருவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். அங்கே ரத்தம் ஏற்றி, அழுத்தக் கட்டுப் போட்டு, ஆம்புலன்சில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். வழியில் உதவியாளருக்குக் கை சோர்ந்தபோது பத்ருன்னிசா மாற்றிக்கொண்டார். தஞ்சாவூரில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் அந்த இடத்தைத் திறந்து தைத்தார். சேக் பரீது பிழைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மருத்துவர் ஜெயபிரகாஷ் பத்ருன்னிசாவைத் தேடி வந்து, அவருக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நான் குத்துன எடம் கீழ போயிடுச்சு. இடுப்பு எலும்புப் பந்துக்கு நேரா குத்துனா, அப்புறம் அமுக்கும்போது அடியில எலும்பு தாங்கும், ஓட்ட அடஞ்சிடும். அதுக்குக் கீழ போனா வெறும் சதை. மேல போனாலும் ஆபத்து, வயித்துக்குள்ள ரத்தம் கட்டும். சாருக்குக் குழாயெல்லாம் சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியா இருந்துச்சு. துடிப்பு சரியாத் தெரியல. கைய வச்சுத் தடவித்தான் குத்துனேன். ஸ்கேன் மெஷின வச்சுப் பாத்துக்கிட்டே குத்தியிருக்கணும். அன்னிக்கு மெஷின் வேற ரூம்ல இருந்துச்சு. கொண்டாரச் சொல்லிக் காத்திருக்கணும். நான் காத்திருக்கல."

பத்ருன்னிசா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போடுவார் என்று சஃபியுல்லா பயந்துபோய் நின்றார்.

"வீங்குனத அவங்க எங்கிட்டயே மறச்சாங்க தம்பி. கூடவே இருந்துக்கிட்டு எனக்கும் தெரியல. உங்கள நான் என்ன சொல்ல?" என்றவர் பிறகு சொன்னார்: "அடுத்த ஆளுக்கு மெஷின் வர்றவரைக்கும் காத்திருங்க."

"இருப்பேம்மா" என்றார் அவர். ஸ்டூலிலிருந்து எழுந்துபோக அவருக்கு நேரம் பிடித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு புண் ஆற வெகுநாள் ஆனது. தினமும் கட்டைப் பிரித்து, உப்புநீரால் துடைத்து, மருந்து வைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். முதல் நாள் சேக் பரீது கையால் முகத்தை மூடிக்கொண்டார். சில நாளில் கையை எடுத்தார். பிறகு கட்டும்போதே ஊர்க்கதை பேச ஆரம்பித்தார். தையல் பிரித்த பின்னும் மாலையில் அந்த நேரத்துக்குப் பத்ருன்னிசா போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். பேச ஏதாவது இருக்கும்.

அந்த மாதங்களில்தான் சேக் பரீது அடுப்படிக்கு வரத் தொடங்கினார். வெங்காயம் உரிப்பார். டீயில் மனைவிக்குத் தெரியாமல் சர்க்கரை போட்டுக்கொண்டு திட்டு வாங்குவார். கால் தேறியதும் இருவரும் கடற்கரைக்கு நடந்தார்கள். நிற்காமல் நடக்க முடிகிறது என்பதில் அவருக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம். படகுகள் வரும் நேரத்துக்கு மணலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவார்கள். கல்யாணமான புதிதில் நடந்திருக்க வேண்டியதெல்லாம் இப்போது நடக்கிறது என்று ஊர்ப் பெண்கள் கேலி செய்தார்கள். பத்ருன்னிசா அதற்கும் கோபப்படவில்லை.

காலில் அடைப்பு வந்தவருக்கு நெஞ்சிலும் இருக்கும் என்று ஜெயபிரகாஷ் எச்சரித்திருந்தார். மாத்திரைகள் ஒருநாளும் தவறவில்லை. சிகரெட்டை விட்டுவிட்டார். அப்படியும் மழைக்காலம் முடிந்த ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், "பத்ரு, நெஞ்ச என்னமோ பண்ணுது" என்றார். பத்ருன்னிசா தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சஃபியுல்லா வண்டியைக் கிளப்பி வாசலில் நிறுத்தினார். ஏற்றுவதற்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

மரணத்துக்கு வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். "வெளிநாட்டுல தனியாப் போய்ச் சேராம, கடைசிக் காலத்துல உங்கூட இருந்தாரே. அல்லாஹ்வோட கருணை" என்றார்கள். பத்ருன்னிசா தலையை ஆட்டினார். அவருக்குள் இருந்தது வேறு. கணவர் தம்மாமிலேயே இறந்திருந்தால் இவர் ஊர் முறைக்கு அழுதிருப்பார், நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்திருப்பார், பிறகு பழையபடி தனியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். பிரிவு அவருக்குப் பழகியதுதான். இந்தச் சில மாதங்களுக்குப் பிறகு அது பழக மறுத்தது. வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கட்டுப் போடும் நேரம் வந்தால் எழுந்து அந்த அறைக்குப் போய்விடுவார். காலியான கட்டிலைப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாததுபோல் திரும்புவார்.

ஷஃபீனாவால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. சில வாரம் கழித்துத்தான் ஷார்ஜாவிலிருந்து வந்தாள். இத்தாவில் இருந்த உம்மாவின் அறையில் வந்து உட்கார்ந்தாள். அழுது முடித்த பிறகு கேட்டாள்.

"உம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"எனக்கு வாப்பாவத் தெரியவே தெரியாதும்மா. போன்ல பேசுவாங்க, பரீட்சை எப்படி எழுதுனன்னு கேப்பாங்க. வந்தா சாக்லேட் கொடுப்பாங்க. அழுகை வருது, ஆனா யாருக்காக அழுறேன்னே தெரியல. அவங்க எப்படிப்பட்ட ஆளு?"

பத்ருன்னிசா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பல்லின்னா பயம்" என்றார்.

"வாப்பாவுக்கா?"

"ஆமா. நடுவீட்டுல பல்லி விழுந்தா கட்டில் மேல ஏறிக்குவாங்க. மீனுல தலதான் புடிக்கும், ஆனா கேக்க மாட்டாங்க. வச்சாத் திம்பாங்க. தூங்கும்போது ஒருக்களிச்சுத்தான் படுப்பாங்க. கடல்ல ரெண்டு படகு வந்தா எது முதல்ல கரைக்கு வரும்னு பந்தயம் கட்டுவாங்க. தோத்தா ஒத்துக்க மாட்டாங்க."

ஷஃபீனா கண்ணீரோடு சிரித்தாள். "அப்புறம்?"

"புதுச் சட்டையின்னா ரெண்டு நாள் மடிச்சு வச்சுப் பாத்துட்டுத்தான் போடுவாங்க. தோசை கருகினாலும் நல்லா இருக்குன்னு சொல்வாங்க."

"அப்புறம் உம்மா?"

பத்ருன்னிசா யோசித்தார். வெளியே சஃபியுல்லாவின் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. இன்னும் ஏதாவது இருக்குமா என்று அவர் தேடித் தேடிப் பார்த்தார்.

"அவ்வளவுதான் புள்ள" என்றார். "எனக்கும் அவ்வளவுதான் தெரியும்."